மென்புகைப் பீரும் வடிப்பாசான் மரபும்

முன்னுரை

ஒரு தொழிலின் வரலாற்றை ஆராயப் புகுவார் அத்தொழில் ஈந்த பொருளை முதற்கண் நோக்குதல் இயல்பு. எனினும் பொருள் நுகரப்பட்டு மறைவது. அதனை ஆக்கும் திறனோ ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி வாழ்வது. அத்திறன் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, எங்கே அறுந்தது, அறுந்தபின் மீண்டும் இணைக்க இயன்றதா என்னும் வினாக்களே தொழில் வரலாற்றின் உயிர்நிலையாம். இவ்வினாக்களை ஐரோப்பிய நாட்டுச் சிறுதொழில் ஒன்றன்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தொழில், புகைமணம் ஊட்டிய பீர் வடித்தலாகும். செருமனி நாட்டுப் பாம்பெர்க் நகரிலும் போலந்து நாட்டுக் குரோஜிஸ்க் நகரிலும் வழங்கிய இருவகைப் புகைப் பீர்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். முன்னது அறாத மரபுடையது; பின்னது அறுந்து மீண்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குங்கால், நூலால் காக்கப்படுவது யாது, ஆசானால் மட்டுமே காக்கப்படுவது யாது என்பது ஒருவாறு புலனாகும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலை மட்டும் கூறி அமையாது, கற்பிப்போனையும், கற்பிக்கும் முறையையும், கற்போனையும், கற்கும் முறையையும் உடன்வைத்து எண்ணுதலை நாம் அறிவோம். கல்வி பற்றிய அப்பகுப்பு கைத்தொழிற்கும் பொருந்துவதே என்பது இக்கட்டுரையில் போதரும்.

1. சொல்லும் பொருளும்

கூலத்திலிருந்து ஆக்கிய மது தமிழர்க்குப் புதுமையன்று. நெல்லிலிருந்து இல்லத்தில் ஆக்கிய தோப்பி பெரும்பாணாற்றுப்படையில் பேசப்படுகின்றது. ஆயினும் பீர் என்பது வேறு நிலத்தில் வேறு முறையில் வளர்ந்த மதுவாதலின், அச்சொல்லையே ஆளுகின்றோம். பார்லி, கோதுமை முதலிய கூலங்களை நீரில் ஊறவைத்து முளைக்கச்செய்து, முளை வளருமுன் உலர்த்தி எடுப்பதனை இக்கட்டுரையில் முளைக்கூலம் என்போம். அதனை உலர்த்தும் அடுப்பு உலர்சூளை எனப்படும். முளைக்கூலத்தை நொறுக்கி வெந்நீரிற் கலந்தால், கூலத்தில் உள்ள மாப்பொருள் இனிப்பாக மாறும். அவ்வினிய சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களை இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுவர். இதுவே பீர் ஆக்கும் முறை. சாராயம்போல் ஆவியாக்கிக் குளிர்வித்து எடுப்பது இதன்கண் இல்லை. ஆகலின் வடித்தல் என்னும் சொல்லைச் சாறு வடித்தல் என்ற பொருளிலேயே கொள்க. இத்தொழிலில் தேர்ந்து, பிறர்க்குப் பயிற்றும் உரிமையும் பெற்றவனைச் செருமானியர் பிரௌமைஸ்டர் என்பர். அவனை வடிப்பாசான் எனக் குறிப்போம். ஆசான் என்னும் சொல்லை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

2. புகை எங்கும் இருந்த காலம்

இக்காலத்துப் புகைப் பீர் அருகிய பொருளாதலின், யாரோ ஒருவர் புதுமை வேட்டுப் புகையைச் சேர்த்தனர் எனக் கருதுதல் கூடும். உண்மை அதற்கு மாறானது. ஈரமான முளைக்கூலத்தை உலர்த்த இருவழிகளே பண்டு இருந்தன. ஒன்று வெயிலிலும் காற்றிலும் பரப்புதல். மற்றொன்று தீயின்மேல் உலர்த்துதல். குளிர்மிக்க வடபுலங்களில் ஆண்டு முழுதும் வெயிலை நம்புதல் இயலாது. எனவே துளைகளுடைய தளத்தில் முளைக்கூலத்தைப் பரப்பி, அதன்கீழ் விறகை எரித்தனர். வெப்பக் காற்றும் புகையும் ஒருசேர மேலெழுந்து கூலத்தினூடே சென்றன. கூலம் உலர்ந்தது, உடன் புகைமணமும் ஏறியது. இங்ஙனம் விறகுத்தீயால் உலர்த்திய இடங்களிலெல்லாம் பீர் ஏறத்தாழப் புகை கலந்ததாகவே இருந்தது. புகை அங்கே சுவை கருதிச் சேர்த்த பொருளன்று. உலர்த்தும் முறையின் உடன்விளைவு.

இவ்வுடன்விளைவின் அளவு பல காரணங்களைச் சார்ந்தது. கூலம் ஈரமாக உள்ளபோது புகையை மிகுதியாக ஈர்க்கும். உலர உலர ஈர்ப்புக் குறையும். விறகு பச்சையாயின் புகை மிகும்; நன்கு உலர்ந்ததாயின் தீ மிகும். தீ மிகுந்தால் கூலத்தின்கண் உள்ள நொதிப்பொருள்கள் கெட்டு, மாப்பொருள் இனிப்பாக மாறாது. மரத்திற்கு மரம் புகையின் மணமும் வேறுபடும். புகையில் உள்ள குவாயகால், சிரிங்கால் முதலிய பொருள்களே அம்மணத்திற்குக் காரணம் என்பதை வேதியியல் பின்னர்க் கண்டது. சூளைக்கு முன் நின்ற தொழிலாளனோ அவற்றின் பெயரை அறியான்; கையாலும் மூக்காலும் அளந்தான்.

3. புகை நீங்கிய வரலாறு

புகையைக் குறையாகக் கருதி நீக்க முயன்ற வரலாறு இங்கிலாந்தில் தெளிவுறத் தோன்றுகின்றது. புகையின்றிக் கூலத்தை உலர்த்தும் சூளைக்கு நிக்கலஸ் ஹால்ஸ் என்பார் 1635-இல் காப்புரிமை பெற்றனர். அந்நூற்றாண்டிலேயே டார்பிஷயர்ப் பகுதியில், நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் என்னும் கரி முளைக்கூலம் உலர்த்தப் பயன்பட்டது. அது புகையற்ற தீயைத் தந்தமையின், வெளிறிய நிறமும் தெளிந்த சுவையும் உடைய பீர் அங்கு எழுந்தது. 1817-இல் டேனியல் வீலர் என்பார் சுழலும் உருளையில் கூலத்தை வறுக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் கருநிறம் வேண்டுவோர், முழுக் கூலத்தையும் மிகுதீயில் வாட்டவேண்டுவதில்லை. வறுத்த கூலத்தைச் சிறிதளவு கலத்தலே போதுமாயிற்று.

இவ்வறிவு ஐரோப்பிய நடுநிலத்திற்குச் சென்ற வழி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1833-இல் மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் வடிப்பகத்தைச் சார்ந்த இளைய காபிரியேல் செடில்மாயரும், வியன்னாவை அடுத்த சுவேசட்டின் ஆந்தோன் திரேகரும் பிரித்தானியத் தீவுகளில் சுற்றுப்பயணம் செய்தனர். அங்குள்ள வடிப்பகங்களைக் காணும்போது, உள்ளீடற்ற கைத்தடியில் சாற்றை மறைவாக எடுத்துச்சென்று பின்னர் அளந்து பார்த்தனர் என்பது அப்பயண வரலாற்றில் இடம்பெறும் செய்தி. அவர்கள் கற்றுவந்த உலர்த்தும் முறையின் பயனாக, 1841-இல் வியன்னாவிலும் மியூனிக்கிலும் புதுவகைப் பீர்கள் வெளிவந்தன. அடுத்த ஆண்டாகிய 1842-இல் போகிமிய நாட்டுப் பில்சன் நகரில், பவேரியரான யோசெப் குரோல் என்னும் வடிப்பாசான், புகை படாது உலர்த்திய வெளிர் முளைக்கூலத்தால் பொன்னிறப் பீரை வடித்தார். உலகெங்கும் இன்று பரவியுள்ள வெளிர்நிறப் பீர்களுக்கெல்லாம் மூதாதை அதுவே.

இதன்பின் புகைப் பீர் விரைந்து அருகியது. இங்கு ஒன்று நோக்கத்தக்கது. புகையை நீக்கியது பொறி எனினும், அப்பொறியைப் பரப்பியது பயிற்சிக்குச் சென்ற இளைஞர்தம் பயணமேயாம். ஒரு மரபை வளர்ப்பதற்கும் மற்றொன்றை மறைப்பதற்கும் கல்வியே கருவியாயிற்று.

4. குழுமமும் ஆசானும்

இடைக்காலச் செருமானிய நகரங்களில் கைத்தொழில்கள் குழுமங்களாக அமைந்திருந்தன. தொழில் கற்பவன் முதற்கண் ஓர் ஆசானிடம் பயில்வோனாகச் சேர்வான். பயிற்சி முடிந்தபின் தேர்ந்த தொழிலாளனாகி, ஊர்ஊராகச் சென்று பிற ஆசான்களிடம் பணிசெய்வான். பல ஊர் முறைகளையும் கண்டு திரும்பியவனே ஆசானாதற்கு உரியவன். செடில்மாயரின் பயணமும் இப்பழைய வழக்கத்தின் நீட்சியாகவே கொள்ளத்தக்கது.

குழுமங்களின் தனியுரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீழ்ந்தது. பவேரியாவில் 1868-இலும், வடசெருமானியக் கூட்டரசில் 1869-இலும் இயற்றப்பட்ட தொழிற்சட்டங்கள் எவரும் எத்தொழிலையும் நடத்தலாம் என்னும் உரிமையை வழங்கின. ஆயின் விரைவிலேயே வேறொரு கவலை தோன்றியது. தொழில் நடத்த எவரும் வரலாம். பயிற்றுவோர் யார் என்பதே அக்கவலை. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழில் அவைகளை நிறுவ வழிசெய்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஆசான் தேர்வில் தேறியவரே பயில்வோரைப் பயிற்றுதற்கு உரியர் என வரையறுத்தது. தொழில் நடத்தும் உரிமையையும் தொழில் கற்பிக்கும் உரிமையையும் இச்சட்டம் வெவ்வேறாகப் பிரித்தமை கருதத்தக்கது. ஆசான் என்னும் பெயரின் உட்பொருள் இங்கேதான் தெளிவுபெறுகின்றது.

1953-இல் மேற்குச் செருமனியில் இயற்றப்பட்ட கைத்தொழிற் சட்டமும் இந்நெறியைப் போற்றியது. ஆசான் தேர்வு நான்கு கூறுகளை உடையது. செய்முறைத் திறன் ஒன்று, தொழிலறிவு மற்றொன்று, வணிகமும் சட்டமும் பற்றிய அறிவு மூன்றாவது, பயில்வோரைப் பயிற்றும் முறை நான்காவது. நல்ல பீர் வடிக்க மட்டும் தெரிந்தவன் இத்தேர்வில் தேறான். தன் திறனைப் பிறர்க்கு ஏற்றவும் அறிந்தவனே தேறுவான். 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், வடிப்புத் தொழிலைத் தனியே நடத்த ஆசான் பட்டம் கட்டாயம் என்னும் விதி நீங்கியது. ஆயினும் தேர்வும் பட்டமும் தொடர்ந்து வழங்குகின்றன.

இத்தொழிலின் செருமானியப் பெயரும் ஒரு வரலாற்றுச் சான்று. மூன்றாண்டுப் பயிற்சி பெறும் இளைஞன் பிரௌவர் உண்ட் மெல்ட்சர் என வழங்கப்படுவான். வடிப்போனும் முளைக்கூலம் ஆக்குவோனும் என்பது அதன் பொருள். பெரும்பாலான வடிப்பகங்கள் இன்று முளைக்கூலத்தைத் தனி ஆலைகளிடமிருந்து விலைக்கு வாங்குகின்றன. செயல் பிரிந்துவிட்ட பின்னும் பெயர் பிரியாது நிற்கின்றது. சொல் பழமையைக் காத்துவைக்கும் என்பதற்கு மொழிநூலார்க்கு இஃது ஓர் இனிய எடுத்துக்காட்டாகும்.

5. வடிப்புக் கல்விநிலையங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிப்புத் தொழில் அறிவியலைச் சார்ந்தது. போகிமிய நாட்டவரான பிரான்டிசெக் ஒந்திரேய் பௌப்பே என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெப்பமானியையும் சாற்றின் அடர்வை அளக்கும் கருவியையும் வடிப்பகத்தில் புகுத்தினார். லூயி பாஸ்டர் பீரைப் பற்றி ஆராய்ந்து எழுதிய நூல் 1876-இல் வெளிவந்தது. 1883-இல் கோப்பன்கேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சார்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே ஈஸ்ட் உயிரணுவிலிருந்து தூய வளர்ப்பை எடுக்கும் முறையைக் கண்டார்.

கல்விநிலையங்களும் இக்காலத்தே எழுந்தன. பவேரியாவின் பிரைசிங் நகரை அடுத்த வைஹென்ஸ்டெஃபான் மடத்தின் வடிப்பகம் மிகப் பழையது. அது 1040-இல் வடிப்புரிமை பெற்றதாகக் காட்டும் ஆவணம் பிற்காலத்துப் புனைவு என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. 1803-இல் மடம் கலைக்கப்பட்டு உடைமைகள் அரசிடம் சேர்ந்தன. 1852-இல் வேளாண்மைப் பள்ளி அங்கு மாற்றப்பட்டது. 1895-இல் அது வேளாண்மைக்கும் வடிப்புக்கும் உரிய அரசக் கல்விக்கழகமாக உயர்ந்தது. 1930-இல் மியூனிக் தொழில்நுட்ப உயர்கல்லூரியுடன் இணைந்தது. பெர்லினில் வடிப்புக்கான ஆய்வும் பயிற்சியும் நிகழ்த்தும் நிலையம் 1883-இல் தோன்றியது. மியூனிக்கில் ஆல்பர்ட் டோமென்ஸ் 1895-இல் ஒரு வடிப்புப் பள்ளியை நிறுவினார்; அவர் பெயராலேயே அது வழங்கிவருகின்றது.

இந்நிலையங்கள் தொழிலுக்கு ஆற்றிய நன்மை பெரிது. கெட்டுப்போன பீர் ஏன் கெட்டது என்பதை முன்னாளில் ஊழின்மேல் ஏற்றினர். பின்னாளில் காரணம் கண்டு நீக்கினர். ஆயினும் இந்நன்மையோடு ஒரு தீங்கும் உடன்வந்தது. அளந்தறியத்தக்க செய்திகளே பாடத்தில் முதலிடம் பெற்றன. எல்லாவூர்க்கும் பொதுவான தூய சுவையே இலக்காயிற்று. சுவைத் தேர்வுப் பயிற்சியில் புகையை ஒத்த மணம் பெரும்பாலும் குற்றப் பட்டியலில் இடம்பெறுகின்றது. வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்த பீரிலும் அம்மணத்தை ஒத்த மணம் எழுதலே அதற்குக் காரணம். எனவே பள்ளியிற் பயின்ற மாணவன் புகைமணத்தை முதற்கண் குறையாக அறிகின்றான். கோதுமைப் பீரில் கிராம்பை ஒத்த மணம் விரும்பப்படுகின்றது. வெளிர் பீரில் அதே மணம் விலக்கப்படுகின்றது. ஆகவே குற்றமும் குணமும் பொருளின்கண் மட்டும் இல்லை. எவ்வகைப் பீர் என்னும் மரபறிவின்கண் உள்ளன. அம்மரபறிவைப் பொதுப்பாடம் முழுதும் தரவியலாது.

6. பாம்பெர்க்: அறாத மரபு

பவேரியாவின் வடபாலில், மேல் பிராங்கோனியப் பகுதியில், ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் அமைந்தது பாம்பெர்க். அதன் பழைய நகர்ப்பகுதியை 1993-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 1489-இல் இந்நகரை ஆண்ட இளவரச ஆயர், பீரில் முளைக்கூலமும் ஹாப்சும் நீரும் அன்றிப் பிற சேர்த்தல் ஆகாது என ஆணையிட்டார். பரவலாக அறியப்பெற்ற 1516-ஆம் ஆண்டுப் பவேரியத் தூய்மைச் சட்டத்திற்கு இவ்வாணை 27 ஆண்டுகள் முற்பட்டது.

புகைப் பீரின் மரபை இந்நகரில் இரு குடும்ப வடிப்பகங்கள் காத்து வருகின்றன. ஒன்று, 1405-ஆம் ஆண்டு ஆவணத்தில் குறிக்கப்பெறும் நீலச் சிங்க விடுதியின் வழிவந்த ஷ்லெங்கர்லா. மற்றொன்று 1536-ஐத் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஸ்பெட்சியால். முன்னதன் பீர் புகை மிக்கது. பின்னதன் பீர் மென்புகை உடையது. இரண்டும் தமக்கு வேண்டும் புகைக்கூலத்தைத் தம் சூளையிலேயே பீச் மரவிறகின் தீயில் ஆக்குகின்றன. வடிப்போனும் முளைக்கூலம் ஆக்குவோனும் என்னும் பழைய பெயர் இங்கு உண்மையாகவே பொருந்துகின்றது.

மென்மை என்பதனைப் புகையின் குறைவு என மட்டும் கொள்ளுதல் தவறாகும். மிக்க புகை சிறு பிழைகளை மறைக்கும், மென்புகை மறைக்காது. முளைக்கூலத்தின் இனிமை, ஹாப்சின் கசப்பு, புகையின் மணம் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று விழுங்காது நிற்றல் வேண்டும். நாள்பட்ட புகைக்கூலத்தில் மணம் குறையும், புதிதில் மிகும். ஆகலின் சென்ற திங்களில் இட்ட அளவு இத்திங்களுக்குப் பொருந்தும் என்பதில்லை. குறிப்பேட்டில் எழுதிய எண் தொடக்கமே. முடிவு ஆசானின் மூக்கில் உள்ளது. பயில்வோன் அவன் அருகில் நின்று, அவன் எக்கூலத்தைக் கையிலெடுத்து மோந்து தலையசைக்கின்றான், எதனை ஒதுக்குகின்றான் என்பதைப் பல பருவங்கள் கண்டால் அன்றி இதனைக் கற்றல் அரிது.

மற்றொரு செய்தியும் இங்குக் குறிக்கத்தக்கது. ஷ்லெங்கர்லாவில் புகையூட்டாத முளைக்கூலத்தால் ஒரு வெளிர் பீரும் வடிக்கப்படுகின்றது. அதிலும் மெல்லிய புகைமணம் உண்டு. புகைப் பீர் வடித்த அதே செப்புக் கொப்பரையும், அதில் வளர்ந்த அதே ஈஸ்ட்டுமே அதற்குக் காரணம். கொப்பரை மாறாமையும் ஈஸ்ட்டு வழிவழி வருதலும் ஒரு வடிப்பகத்தின் மணத்தை எழுதாக் கிளவியாகக் காக்கின்றன.

இவ்வூரில் 1879-இல் தோன்றிய வேயர்மன் முளைக்கூல ஆலையையும் இங்கு நினைத்தல் வேண்டும். அது பீச் மரப் புகையூட்டிய பார்லியையும் ஓக் மரப் புகையூட்டிய கோதுமையையும் ஆக்கிப் பல நாடுகட்கும் விற்கின்றது. சூளை இல்லாத வடிப்போரும் புகைப் பீரை முயல இது வழிசெய்தது. இரண்டாவதாகக் கூறிய கோதுமை, அடுத்து ஆராயும் நகரோடு தொடர்புடையது.

7. குரோஜிஸ்க்: அறுந்து மீண்ட மரபு

போலந்தின் மேற்கே, போஸ்னான் நகருக்குத் தென்மேற்கில் உள்ளது குரோஜிஸ்க் வியல்கோபோல்ஸ்கி. 1793-இல் நிகழ்ந்த இரண்டாம் பிரிவினையில் இது பிரசியாவின் ஆட்சிக்குட்பட்டது. கிரேட்ஸ் என்னும் செருமானியப் பெயரும் பெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் மீண்டும் போலந்தைச் சேர்ந்தது. ஆட்சி மாறியபோதும் இவ்வூர்ப் பீர் மாறாது நின்றது. ஊர்க் கிணறு வற்றியபோது வாம்பிசெஸ்னோ ஊர்ப் பெர்னார்து என்னும் துறவி இறைவனை வேண்ட, நீர் மீண்டது என்பது இவ்வூரார் வழங்கும் கதை. 1603-இல் மறைந்த அத்துறவிக்கு நன்றியாக, அவர் அடக்கம் பெற்ற லூபின் மடத்திற்கு ஊரார் ஆண்டுதோறும் பீர் எடுத்துச்சென்றனர் என்றும் அக்கதை தொடர்கின்றது. கதை எவ்வாறாயினும், ஊரின் நீரும் பீரும் மக்கள் நினைவில் பிரியாது நின்றமைக்கு அது சான்றாகும்.

குரோஜிஸ்கி பீர் முற்றும் கோதுமை முளைக்கூலத்தால் ஆயது. ஓக் மர விறகின் புகையில் அக்கூலம் உலர்த்தப்படும். சாற்றின் அடர்வு ஏறத்தாழ 8 பிளேட்டோ பாகையே. மதுச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடு. பில்சன் வகைப் பீர்களின் அடர்வு 12 பாகையை ஒட்டியது என்பதனோடு ஒப்பிடின் இதன் மென்மை விளங்கும். வெளிறிய பொன்னிறமும், மிக்க நுரையும், கண்ணாடி போன்ற தெளிவும் இதன் இலக்கணங்கள். தெளிவு பெற மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை பயன்பட்டது. கோதுமைக்குப் பார்லிபோல் உமி இன்மையால், சாறு வடித்தல் கடினம். பார்லியின் உமியே இயற்கையான சல்லடையாக உதவுவது, அத்துணை இங்கில்லை. நீரின் அளவு பெரிது, கூலத்தின் அளவு சிறிது. எனவே பிழை ஒன்று நேரின் அதனை மறைக்கும் திண்மை இப்பீருக்கு இல்லை. மென்புகைப் பீர் வடிப்பாசானுக்கு உரைகல்லாதல் இதனாற் பெறப்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வடிப்புத் தொழில் அரசுடைமையாயிற்று. குரோஜிஸ்கி பீர் தொடர்ந்து ஆக்கப்பட்டது; ஆயினும் 1993-இல் ஆலை மூடப்பட்டது. அந்நாளோடு இவ்வகைப் பீரின் வணிக வடிப்பு அங்கு நின்றது. வேலை இழந்த தொழிலாளர் பிற தொழில்களை நாடினர். புதிய பயில்வோர் இலர். ஆசான் இருந்தும் மாணாக்கன் இலனாயின் மரபு அறும் என்பது இங்குக் கண்கூடாயிற்று.

இதனை மீட்டவர் பெருநிறுவனத்தார் அல்லர். தம் இல்லங்களில் சிறிய கலங்களில் பீர் வடிக்கும் போலந்து நாட்டு ஆர்வலர் இம்முயற்சியில் முன்னின்றனர். இல்ல வடிப்போர் சங்கத்தைச் சார்ந்த அவர்கள் பழைய ஆலையில் பணிசெய்தோரை நாடி வினவினர். எஞ்சிய குறிப்புகளைத் தொகுத்தனர். பாதுகாக்கப்பட்டிருந்த பழைய ஈஸ்ட் வகையைத் தேடி ஆய்ந்தனர். ஓக் மரப் புகையூட்டிய கோதுமை முளைக்கூலம் விலைக்குக் கிடைத்தமையும் உலகெங்கும் இவ்வகையை முயன்றோர்க்குத் துணையாயிற்று. 2015-இல் பழைய ஆலை புதுப்பிக்கப்பட்டு, குரோஜிஸ்கி பீர் தன் ஊரிலேயே மீண்டும் வடிக்கப்பெற்றது. இடையீடு 22 ஆண்டுகள்.

8. ஒப்பீடு

இவ்விரு நகர்களின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவாம்.

பாம்பெர்க்கில் மரபு காத்தவை குடும்பமும் சூளையும் ஈஸ்ட்டும். பொதுநெறி புகையைக் குறையெனத் தள்ளிய காலத்தும், அக்குடும்பத்து இளைஞர் தம் வீட்டுச் சூளையில் அதனைக் குணமெனக் கற்றனர். கல்விநிலையம் தரும் அறிவியலையும் வீடு தரும் மரபறிவையும் ஒருங்கு பெற்றவரே அம்மரபை இக்காலத்திற்குக் கொணர வல்லவர். இவற்றுள் ஒன்று மட்டும் பெற்றார்க்கு அஃது அரிது. அறிவியல் இன்றி மரபு மட்டும் நின்றிருப்பின், பெருவணிகத்தின் முன் பிழைபட்ட பீர் நில்லாது. மரபின்றி அறிவியல் மட்டும் நின்றிருப்பின், புகை என்றோ நீங்கியிருக்கும்.

குரோஜிஸ்கில் மரபு அறுந்தமைக்குக் காரணம் அறிவின்மை அன்று. அடர்வும் அளவும் ஆவணங்களில் இருந்தன. கற்பிப்போனையும் கற்போனையும் இணைத்த இடம் மூடப்பட்டதே காரணம். 22 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்குக் குறைந்த காலம். அதனால் பழைய ஆலைத் தொழிலாளர் சிலரேனும் வாழ்ந்தனர்; பழைய சுவையை நாவில் நினைவுகொண்டோரும் இருந்தனர். புதிதாக வடித்த பீரைச் சுவைத்து, இதுவே அது என்றோ, இஃது அதுவன்று என்றோ கூறவல்ல சான்றாளர் அவர். அத்தகையோர் எவரும் எஞ்சாது, 60 அல்லது 70 ஆண்டுகள் கடந்தபின் இம்முயற்சி நிகழ்ந்திருப்பின், எழுத்திலுள்ள எண்களுக்கு ஏற்ப ஒரு பீர் ஆகியிருக்கும். அது பழைய பீரேதானா என்பதை உறுதிசெய்வார் இலர்.

பரிபாடற் பாடல்கள் பலவற்றிற்குப் பண்ணின் பெயரும் இசைவகுத்தார் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளன. பாடலும் உண்டு, பண்ணின் பெயரும் உண்டு. அவர் பாடிய இசையோ இல்லை. சுவடி தப்பியது, ஆசான் வழி தப்பவில்லை. இவ்விழப்பின் அளவை நாம் நன்கறிவோம். ஆகலின் குரோஜிஸ்க் நகரத்தார் முதிய தொழிலாளரைத் தேடிச்சென்ற செயலின் அருமையை வேறு எவரினும் தமிழாராய்ச்சி செய்வோர் எளிதில் உணர்வர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. புகைப் பீர் புதுமை அன்று; ஒருகாலத்தில் பெருவழக்காயிருந்து பின் அருகியதொன்று. அதனை அருகச் செய்ததும், காத்ததும், மீட்டதும் கல்வியே. ஆயின் அக்கல்வி மூவேறு வடிவில் வந்தது: பயணமும் பள்ளியும் அருகச் செய்தன, ஆசான் மாணாக்கர் தொடர்பு காத்தது, ஆர்வலர்தம் வினாவலும் முதியோர் நினைவும் மீட்டன. ஆசான் தேர்வின் நான்காம் கூறாகப் பயிற்றும் திறனைச் செருமானியச் சட்டம் வைத்தமை பொருள் பொதிந்தது. ஒரு தொழிலில் வல்லவன் ஒரு தலைமுறைக்கே பயன்படுவான். அதனைக் கற்பிக்க வல்லவன் வரும் தலைமுறைக்கும் பயன்படுவான்.

அருகிவரும் தொழில்களை ஆராயும் இளைய ஆய்வாளர்க்கு ஒன்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம். ஆவணங்களைத் தொகுத்தல் வேண்டும். அளவுகளைக் குறித்தல் வேண்டும். அவற்றோடு அமையாது, அத்தொழிலைச் செய்த முதியவர் உயிரோடு உள்ளபோதே அவர்தம் முன் அமர்ந்து கேட்டலும், அவர் கை செல்லும் வழியைக் கண்டு பழகலும் வேண்டும். நூலகம் நாளையும் திறந்திருக்கும். அம்முதியவர்தம் வாயில் திறந்திருக்கும் காலம் சிறிது.